கோலார் தங்கவயலில் வாடகை வீடு: சாலை வந்துவிட்டது, உரிமைப் பத்திரம் வரவில்லை

கோலார் தங்கவயல்: பெங்களூரு - சென்னை விரைவுச் சாலையில் ஹொசகோட்டே முதல் பேத்தமங்கலா வரையிலான சுமார் 71 கிலோமீட்டர் பகுதி 2024 இறுதியில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அதன்பின் தங்கவயலில் வீடு வாங்கி வாடகைக்கு விடுவது லாபகரமான முதலீடு என்ற பேச்சு பெங்களூருவில் வசிக்கும் தமிழர்களிடையே வலுத்து வருகிறது. சொந்த ஊரில் ஒரு வீடு, மாதம் பிறந்தால் வாடகை என்ற எண்ணம் இயல்பானதே. ஆனால் இந்த ஊரின் வாடகைச் சந்தை மற்ற ஊர்களைப் போன்றதன்று. அதன் காரணம் சுரங்கத்தின் வரலாற்றில் இருக்கிறது.

ஜான் டெய்லர் நிறுவனம் 1880-ல் இங்கு கால் பதித்த நாள் முதல் ஊரின் பெரும்பகுதிக்கு வீட்டு உரிமையாளர் ஒருவரே: சுரங்க நிர்வாகம். அதிகாரிகளுக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களா. வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு 'லைன்' எனப்படும் வரிசை வீடுகளில் ஏறத்தாழ பத்துக்குப் பத்து அடி அறை, பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. 1956-ல் மைசூரு அரசும், 1962-ல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. உரிமையாளரின் பெயர் மாறியதே தவிர, லைன் வீட்டில் இருப்பவரின் நிலை மாறவில்லை.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். வேலை போனாலும் பல குடும்பங்கள் அதே வீடுகளிலேயே தொடர்ந்தன. குடியிருக்கும் வீட்டுக்கு உரிமைப் பத்திரம் வேண்டும் என்பது அவர்களின் நீண்டகாலக் கோரிக்கை. வாடகை கேட்க வருவோர் இல்லை. வீடு உங்களுடையது என்று எழுதிக் கொடுப்போரும் இல்லை. இந்நிலையில் ஒரு தலைமுறையே வளர்ந்து ஆளாகிவிட்டது.

முதலீட்டாளர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். நாள்தோறும் விடியலுக்கு முன் மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம் ரயில் நிலையங்களில் ஏறி, சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவுக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புவோர் ஏராளம். இவர்களே வருங்கால வாடகைதாரர்கள் என்று தரகர்கள் கணக்குக் காட்டுகின்றனர். ஆனால் இவர்களில் பலர் அந்த ரயில் பயணத்தைச் சகித்துக்கொள்வதே, இங்கு வாடகையற்ற அல்லது மிகக் குறைந்த செலவிலான கூரை ஒன்று இருப்பதால்தான். கணிசமான வாடகை கொடுக்க முடிந்தால் அவர்கள் கிருஷ்ணராஜபுரத்துக்கோ வொயிட்பீல்டுக்கோ குடிபெயர்ந்து விடுவார்கள். ரயிலில் சீசன் டிக்கெட்டில் செல்பவருக்கு விரைவுச் சாலையால் பெரிய மாற்றமும் இல்லை.

நிலையான மாதச் சம்பளம் பெறும் வாடகைதாரர்கள் பெமல் தொழிற்சாலையை ஒட்டிய பகுதிகளிலும், ராபர்ட்சன்பேட்டை கடைவீதியைச் சுற்றியும் கிடைக்கலாம். அவர்களின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். 30 லட்ச ரூபாய்க்கு வாங்கிய வீட்டுக்கு மாதம் 7,000 ரூபாய் வாடகை வருவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 84,000 ரூபாய். அதாவது முதலீட்டில் 2.8 சதவீதம். ஒரு மாதம் வீடு காலியாக இருந்து, சொத்து வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் பழுது ஆகியவற்றுக்கு 12,000 ரூபாய் செலவானால் மிஞ்சுவது 65,000 ரூபாய். இது 2.2 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. வங்கி வைப்புத்தொகையே இதைவிட அதிகம் தரும். வீட்டுக் கடன் வாங்கியிருந்தால் வாடகை வட்டிக்கே போதாது. வாடகை வருமானத்தில் வருமான வரிச் சட்டம் அளிக்கும் 30 சதவீதக் கழிவும் இந்தப் பள்ளத்தை நிரப்பாது. எனவே இங்கு வாங்குவோர் உண்மையில் வாடகையை அன்றி, நிலத்தின் விலையேற்றத்தை நம்பியே வாங்குகின்றனர். விலையேற்றமோ பத்திரம் செல்லுபடியாகும் மனைக்கு மட்டுமே உரியது.

நிறுவனக் குடியிருப்பு வீட்டை வெள்ளைத் தாளிலோ முத்திரைத் தாளிலோ எழுதி 'கை மாற்றி' தருவதாக யாரேனும் முன்வந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விலகுவதே நல்லது. மத்திய அரசு நிறுவனத்துக்குச் சொந்தமான கட்டடங்கள் 1971-ம் ஆண்டின் பொது வளாகங்கள் சட்டத்தின் கீழ் வருபவை. அனுமதியின்றி இருப்போரை வெளியேற்ற அச்சட்டம் வழிசெய்கிறது. முன்னாள் தொழிலாளிக்கு அங்கே நியாயமான கோரிக்கை உண்டு. அதை விலைக்கு வாங்கியவருக்கு அதுவும் இல்லை. தனியார் மனையானாலும் வில்லங்கச் சான்றிதழ், நகராட்சிக் காத்தா, விளைநிலம் முறைப்படி மனையாக மாற்றப்பட்டதற்கான உத்தரவு ஆகிய மூன்றையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்கலாகாது.

வீட்டை விடுவதிலும் கவனம் தேவை. பெங்களூரு வட்டாரத்தில் பரவலாக உள்ள போக்கிய முறையில், மாத வாடகைக்குப் பதில் சில லட்சங்களை மொத்தமாக வாங்கிக்கொண்டு, காலம் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். வாங்கிய பணத்தைச் செலவழித்துவிட்ட உரிமையாளர், அடுத்த போக்கியதாரர் கிடைக்கும் வரை முந்தையவரை வெளியேற்ற முடியாமல் தவிப்பார். உரிமையாளர் வங்கிக் கடனைக் கட்டத் தவறினால், பதிவு செய்யாத ஒப்பந்தத்தை நம்பிப் பணம் கொடுத்தவர் தெருவில் நிற்க நேரிடும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டம் விதிக்கும் கட்டாயம். வழக்கமான 11 மாத ஒப்பந்தம் பிறந்ததே இதைத் தவிர்க்கத்தான்.

தண்ணீரும் வாடகையைத் தீர்மானிக்கும். கோலார் மாவட்டத்தில் ஆயிரம் அடிக்குக் கீழே சென்றும் வறண்டுபோகும் ஆழ்துளைக் கிணறுகள் உண்டு. சயனைடு மேடுகளுக்கு அருகிலுள்ள வீடுகளுக்குக் காற்று வீசும் மாதங்களில் தூசித் தொல்லை வேறு. வீட்டைப் பார்க்க மழைக்காலத்தில் மட்டும் செல்பவருக்கு இவ்விரண்டும் தெரியாமலே போகலாம்.

அந்த மேடுகளே இப்போது புதிய நம்பிக்கையும் ஆகியுள்ளன. 1,003 ஏக்கரில் உள்ள 13 கழிவு மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. எனினும் மேட்டை வெட்டி அரைத்துப் பிரிப்பது பெரும்பாலும் இயந்திரங்களின் வேலை. ஒரு காலத்தில் 30,000 பேருக்கு மேல் உழைத்த ஊரின் வீட்டுத் தேவையை அது திரும்பக் கொண்டுவரும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

இதற்கிடையே, லைன் வீடுகளுக்கு உரிமைப் பத்திரம் வழங்கப்படும் நாளில் ஆயிரக்கணக்கான வீடுகள் சட்டப்படி விற்கவும் வாடகைக்கு விடவும் தகுதி பெறும். அங்கே நான்கு தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்களுக்கு அது காலம் கடந்த நீதி. இன்று அதிக விலை கொடுத்து வாங்கி வாடகைக்காகக் காத்திருப்பவருக்கோ, அதே தெருவில் புதிய போட்டி.