விலக்குதலின் அறம்

வட்டக்கானலில் ஒரு காலைப்பொழுதேனும் தங்கினோர் அறிவர்: பள்ளத்தாக்கினின்றும் எழும் மூடுபனி, எதிர்நிற்கும் மலையை இமைப்பொழுதில் மறைத்துவிடும். அவ்வேளை ஒருவன் தன் குறிப்பேட்டில் "மலை இல்லை" என்று எழுதுவானாயின், அவனைக் கண்டு நகைப்போம். ஆயினும், கணிப்பொறியிற் புள்ளிவிவரங்களை இட்டு வரைபடம் வரையும் நம் மாணாக்கர் பலர் இப்பிழையையே செய்கின்றனர், நகைப்பார்தாம் இல்லை.

கொடைக்கானலிலுள்ள சூரிய ஆராய்ச்சி நிலையம் 1899-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. 1904 முதல் ஆங்கு எடுக்கப்பட்டுவந்த சூரியனது வெண்ணொளிப் படங்களைக்கொண்டு சூரியப் புள்ளிகளை எண்ணலாம். ஒரு நாளுக்குரிய கட்டத்திற் பூச்சியம் இருப்பின், வானம் தெளிந்திருந்தது, புள்ளி யாதும் இல்லை என்பது பொருள். கட்டம் வெறுமையாயிருப்பின், மேகம் மறைத்தமையால் ஒன்றும் அறியோம் என்பது பொருள். முன்னது அறிவு, பின்னது அறியாமை. இரண்டையும் ஒன்றாக்குதல் தகாது.

உதாரணத்தின் பொருட்டுப் பத்து நாட்களைக் கொள்வோம். இரண்டு நாட்கள் மேகம். மூன்று நாட்கள் தெளிந்த வானம், புள்ளி இல்லை. ஏனை ஐந்து நாட்களிற் கண்ட புள்ளிகள் மொத்தம் 40. மேக நாட்களை மாத்திரம் விலக்கின் சராசரி 5. அவற்றைப் பூச்சியமெனக் கொள்ளின் 4. படம் அழகுபெறும்பொருட்டுப் பூச்சியங்களையும் நீக்கிவிடின் 8. சூரியன் ஒன்றே, விலக்கும் முறையோ மூன்று சூரியர்களைப் படைத்துவிடுகின்றது!

கட்டளையை அமைப்பதிலும் கருத்து வேண்டும். "மேகம் என்னும் குறிப்புடைய வேளைகளை விலக்குக" என்பது வேறு. "ஒரு வேளையேனும் மேகம் மூடிய நாட்களை விலக்குக" என்பது வேறு. அன்றியும், "மேகம் அல்லாதவற்றைக் கொள்க" என்று கூறின், குறிப்பே எழுதப்படாத வரிகளும் பல கணிப்பொறி மொழிகளில் ஓசையின்றி உடன் நீங்கிவிடும். ஆதலின், விலக்குமுன் எத்தனை வரிகள், விலக்கியபின் எத்தனை வரிகள் என்று எண்ணிப்பார்ப்பது கடமையாகும்.

"நம்பத்தகாத எண்களையேனும் அழித்துவிடலாகாதோ?" என்று சிலர் வினவுவர். 1985-ஆம் ஆண்டில் அண்டார்க்டிகாவின் வானத்தில் ஓசோன் பெரிதுங் குறைந்தமையை ஆங்கிலேய விஞ்ஞானிகள் வெளியிட்டனர். நிம்பஸ்-7 என்னும் செயற்கைக் கோளின் பதிவுகளிலும் அக்குறைந்த எண்கள் இருந்தன. 180 அலகுக்குக் கீழ்ப்பட்டவை பிழையாயிருக்கலாமெனச் சந்தேகக் குறி பெற்றிருந்தன. நல்வினைப் பயனாக அவை அழிக்கப்படவில்லை. ஆதலின் மீண்டும் ஆராய்ந்து உண்மையை உறுதிசெய்ய இயன்றது. நம் எதிர்பார்ப்புக்கு மாறுபடுதல் ஒன்றே ஓரெண்ணின் குற்றமாகாது.

ஆதலின் என் கருத்து இது: மூலப் பதிவேட்டில் ஒன்றையும் அழித்தல் கூடாது, விலக்குதல் வரைபடத்தின் கோவையில் மாத்திரமே நிகழ்தல்வேண்டும், எவற்றை, எத்தனையை, எக்காரணத்தால் விலக்கினோம் என்பதைப் படத்தின் அடியில் எழுதுதல்வேண்டும். இதனால் படத்தின் அழகு சிறிது குறையலாம். குறைந்தாற் குறைக. நம் வரைபடத்தை நம்பி நீரும் நிலமும் பகிர்வோர் உளர். மருந்தின் அளவு குறிப்போர் உளர். அவர்க்கு நாம் கடமைப்பட்டிருப்பது அழகன்று, உண்மையே. பனி மூடினால் "பனி" என்றே எழுதுவோமாக.