மெட்டு வந்த வழியையும் உறையில் எழுதுங்கள்

2015 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மியூசிகேர்ஸ் விருதைப் பெற்றுக்கொண்ட பாப் டிலன், தன் பாட்டுகளின் பூர்வீகத்தைப் பற்றி விரிவாகப் பேசினார். அவை தானாக முளைத்தவை அல்ல. ‘ஜான் ஹென்றி’ போன்ற பழைய பாட்டுகளை ஓயாமல் பாடியதன் விளைவு. அத்தனை முறை பாடியிருந்தால் வேறு யாராக இருந்தாலும் ‘ப்ளோயிங் இன் த விண்ட்’ பாட்டை எழுதியிருப்பார்கள் என்றார். மனம் திறந்த பேச்சுதான். ஆனால், இப்படிப்பட்ட ஒப்புதல் அரை நூற்றாண்டு கழித்து விருது மேடையில் வந்தால் போதாது. பாட்டு வெளியாகும் அன்றே இசைத்தட்டின் உறையில் அது இருந்திருக்க வேண்டும்.

1962இல் வந்த டிலனின் முதல் தட்டில் 13 பாட்டுகள். அவற்றில் அவரே எழுதியவை இரண்டுதான். அந்த இரண்டில் ஒன்று, அவர் குருவாக மதித்த வுடி கத்ரிக்கான வணக்கப் பாட்டு. அதன் மெட்டும் கத்ரியுடையதே. அடுத்த ஆண்டு வந்த ‘ஃப்ரீவீலிங்’ தட்டிலோ 13 பாட்டுகளில் 11 அவர் பெயரில் இருந்தன. ஒரு கிட்டார், ஒரு மவுத் ஆர்கன், ஒரு கரகரத்த குரல்; பெரும்பாலான பாட்டுகளுக்கு அவ்வளவுதான் பக்கவாத்தியம். அந்த எளிமைக்குள் எத்தனை பேர் குரல் இருக்கிறது என்று பாருங்கள். ‘ப்ளோயிங் இன் த விண்ட்’ மெட்டு, ஏலமேடையில் இனி நிற்கமாட்டோம் என்று அமெரிக்கக் கறுப்பின அடிமைகள் பாடிய ‘நோ மோர் ஆக்ஷன் பிளாக்’ பாட்டிலிருந்து வந்தது. ‘எ ஹார்ட் ரெயின்ஸ் எ-கானா ஃபால்’ பாட்டின் கேள்வி-பதில் அமைப்பு ‘லார்ட் ராண்டல்’ என்ற பழைய கதைப்பாட்டுடையது. அதில் நஞ்சுண்டு வீடு திரும்பும் மகனைத் தாய் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கிறாள். டிலன் அந்தத் தாயின் கேள்விகளை வைத்துக்கொண்டு, மகன் வாயிலாக அழிவின் விளிம்பில் நிற்கும் ஓர் உலகத்தையே சொல்ல வைத்தார். இரவல் வாங்கியதால் அவர் சிறுத்துப்போகவில்லை. இரவலை இவ்வளவு பெரிதாக்க முடிந்ததுதான் அவர் மேதைமை.

அதே தட்டின் பின்னுறையில் பத்திரிகையாளர் நாட் ஹென்டாஃப் எழுதிய குறிப்புகளை வாசித்தால் என் வாதம் விளங்கும். 1962 குளிர்காலத்தில் இங்கிலாந்து சென்ற டிலன், அங்கே மார்ட்டின் கார்த்தி என்ற பாடகர் ‘லார்ட் ஃப்ராங்க்ளின்’ பாடக் கேட்டார். அந்த மெட்டுதான் ‘பாப் டிலன்ஸ் ட்ரீம்’ பாட்டில் குடிபுகுந்தது என்று அதில் இருக்கிறது. ‘கேர்ள் ஃப்ரம் த நார்த் கன்ட்ரி’ பாட்டுக்கும் வேர் அதே கார்த்தி பாடிய ‘ஸ்கார்பரோ ஃபேர்’தான். ஆனால் அங்கே கார்த்தி பெயர் இல்லை. நெடுநாள் மனத்தில் சுமந்த பாட்டு திடீரென்று பீறிட்டு வந்தது என்ற விளக்கமே இருக்கிறது. பெயர் சொன்னதால் முதல் பாட்டின் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை. சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கப் பாடகர் பால் சைமன் சாட்சி. அவரும் கார்த்தியிடம் கேட்டுத்தான் ‘ஸ்கார்பரோ ஃபேர்’ பாட்டைக் கற்றார். 1966இல் கார்த்தியின் பெயர் இல்லாமலே தட்டு வந்தது. அந்த மனக்கசப்பு ஆற 2000இல் இருவரும் லண்டனில் ஒரே மேடையில் பாட வேண்டியிருந்தது.

நாட்டுப்பாட்டு என்றாலே கைமாறி வருவதுதானே, இதில் உரிமை என்ன, பெயர் என்ன என்று கேட்பார்கள். கத்ரியின் ‘திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்’ கார்ட்டர் குடும்பம் என்ற பாடகர் குழுவின் மெட்டில் அமைந்தது. அந்தக் குடும்பத்துக்காக ஊர் ஊராகப் போய் மெட்டுகளை மனத்தில் பிடித்துவந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞர். டிலனை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை என்பது சரியே. ஆனால் கைமாறுவது என்பது யாரும் வேலி போடாத வரைக்கும்தான். ஒருவர் தன் பெயரில் காப்புரிமை பதிந்த நிமிடமே பொதுவழி தனிச்சொத்தாகிவிடுகிறது. 2020இல் டிலனின் 600க்கும் மேற்பட்ட பாட்டுகளின் உரிமை யுனிவர்சல் நிறுவனத்துக்கு விற்கப்பட்டபோது, அந்தக் கணக்கில் அடிமைகளின் மெட்டும் போயிற்று. ‘மாஸ்டர்ஸ் ஆஃப் வார்’ மெட்டு தன் குடும்பத்தில் வழிவழியாக வந்தது என்று கென்டக்கிப் பாடகி ஜீன் ரிச்சி எழுந்து கேட்டார்; கேட்டது பெயர், கிடைத்தது பணம். அவருக்காவது கேட்க வாய் இருந்தது. ஏலமேடையில் நின்றவர்கள் சார்பில் வழக்குப் போட யார் இருக்கிறார்கள்? தாமதமாக வரும் ஒப்புதல் அதிகம் வஞ்சிப்பது இப்படிப் பெயரற்றுப் போனவர்களைத்தான்.

யார் பாடியது என்றே தெரியாதபோது யார் பெயரைப் போடுவது என்ற கேள்வி இன்னும் கனமானது. அதற்கு விடையைப் பழைய அச்சுக்காரர்களே வைத்திருக்கிறார்கள். தெருவில் விற்ற ஆங்கிலப் பாட்டுத்தாள்களில், இன்ன பாட்டின் மெட்டில் பாடுக என்று தலைப்பிலேயே அச்சிட்டார்கள். ஆளின் பெயர் தெரியாவிட்டால் பாட்டின் பெயர் போதும். தமிழுக்கும் இது புதிதல்ல. பாரதியின் ‘சுதந்திரப் பெருமை’ பாட்டுக்கு மேலே நந்தனார் சரித்திரத்துப் பாட்டு ஒன்றின் வர்ணமெட்டு என்ற குறிப்பு இன்றும் அச்சாகி வருகிறது. அதைப் பார்த்து பாரதியைக் குறைத்து மதிப்பிட்டவர் யாருமில்லை.

ஒவ்வொரு சாயலுக்கும் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தால் பாட்டு எழுத நேரமிருக்காது என்பாரும் உண்டு. காற்றில் கலந்து வரும் சாயலை யாரும் கேட்கவில்லை; பாடகருக்கே தெரிந்து எடுத்தாண்ட மெட்டைச் சொல்லச் சொல்கிறோம், அவ்வளவுதான். ‘ப்ளோயிங் இன் த விண்ட்’ விஷயத்தில் தெரியாமல் நடந்தது என்று சொல்லவும் வழியில்லை. 1962இல் டிலனே நியூயார்க்கின் கேஸ்லைட் விடுதியில் அந்த அடிமைகளின் பாட்டைப் பாடிய ஒலிப்பதிவு 1991இல் வெளியாகிவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் யாருக்கும் ஐயம் எழாது. இனி வரும் ஒவ்வொரு மறுபதிப்பிலும், கைபேசித் திரையில் எழுதியவர் பெயர் தெரியும் ஒவ்வொரு இடத்திலும், டிலன் பெயருக்குக் கீழே ‘மெட்டு: நோ மோர் ஆக்ஷன் பிளாக்’ என்று ஒரு வரி சேர்க்க அவரும் உரிமை வாங்கிய நிறுவனமும் இன்றைக்கே முடிவெடுக்கலாம்.