பழைய கோலிக்குண்டு முதலீடா? போனஸைத் தொடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

போன மாசம் ஆபீஸ்ல ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, அமெரிக்காவோட பழைய கோலிக்குண்டு செம விலைக்குப் போகுதாம். ஒரு டப்பா 40,000 ரூபாய்க்கு வருது. போனஸ்ல வாங்கிப் போடவா?"

நான் திருப்பிக் கேட்டது ஒண்ணுதான்: "அதை யார் செஞ்சதுன்னு உன்னால சொல்ல முடியுமா?"

ஏன்னா கோலியில பொதுவா கம்பெனி பேரும் இருக்காது, வருஷமும் இருக்காது. கண்ணாடியைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். ஜெர்மனியில கையால செஞ்ச பழைய கோலியில, கண்ணாடித் தண்டுல இருந்து வெட்டின இடத்துல ஒரு தழும்பு இருக்கும். மெஷின் கோலியில அது இருக்காது. மேற்கு வர்ஜீனியாவுல 1951 வரைக்கும் ஓடின அக்ரோ அகேட்டோட 'கார்க்ஸ்க்ரூ' வகையில, கலர் பட்டை திருகு மாதிரி சுத்திக்கிட்டே போகும். ஓஹையோவுல கொஞ்ச வருஷமே இருந்த கிறிஸ்டென்சன் அகேட்டோட 'கினி' வகையில மேல புள்ளி புள்ளியா கலர் தெளிச்சிருக்கும். இதுக்கு மவுசு அதிகம். அதனாலேயே போலியும் உண்டு. உள்ளே பூனைக்கண் மாதிரி தெரியறது பெரும்பாலும் 1950-களுக்கு அப்புறம் மூட்டை மூட்டையா வந்தது. அதுக்குச் சில்லறை விலைதான்.

வயசு மட்டும் விலை ஆகாது. வகை, கலர், சைஸ், எல்லாத்துக்கும் மேல கண்டிஷன். சின்னதா சில்லு பெயர்ந்திருந்தாலே விலை சரியும். பாலிஷ் போட்டாலும் மதிப்பு குறையும்.

இன்னொண்ணு, விற்கிறவர் கேட்கிற விலை மதிப்பு இல்லை. ஏலத் தளங்கள்ல ஏற்கெனவே வித்து முடிஞ்ச விலையைப் பாருங்க. அதுல கூரியர், சுங்க வரி, தளத்தோட கமிஷன் எல்லாம் கழிச்சா என்ன மிஞ்சும்னு கணக்குப் போடுங்க. கோலி வட்டியும் தராது, டிவிடெண்டும் தராது. அவசரத்துக்குக் காசு வேணும்னா, ஃபிக்சட் டெபாசிட்டை உடைக்கிற மாதிரி அதை உடைக்க முடியாது!

என் கருத்து இதுதான்: பிடிச்சிருந்தா வாங்குங்க, ஆனா பொழுதுபோக்குக் காசுல வாங்குங்க. ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதியையும் எஸ்ஐபியையும் தொடாதீங்க. உங்களால அடையாளம் சொல்ல முடியாத பொருள் உங்களுக்கு முதலீடு இல்லை.

தம்பி விற்கிறவர்கிட்ட ஒவ்வொரு கோலிக்கும் கிட்டத்துல எடுத்த போட்டோ கேட்டான். வந்த போட்டோவுல முக்கால்வாசி பூனைக்கண்! போனஸ் இப்போ அவன் அவசர நிதியில இருக்கு.