ஏழு வருடம் என்றால் ஏழு வருடம்தான்

ஒலிவியா டி ஹாவிலண்ட் என்றதும் பலருக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, 'கான் வித் த விண்ட்' மெலனி. மற்றது, தங்கை ஜோன் ஃபோன்டேனுடன் அவருக்கு இருந்த தீராப் பகை. 1942இல் நடந்த ஆஸ்கர் விழாவில் சிறந்த நடிகைக்கான போட்டியில் அக்காவும் இருந்தார், தங்கையும் இருந்தார். தங்கை ஜெயித்தார். கிசுகிசு எழுதுகிறவர்களுக்கு அது ஒன்றே ஆயுசுக்கும் போதுமானதாக இருந்தது. எனக்கென்னவோ அந்தப் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது கலிஃபோர்னியாவின் ஒரு தொழிலாளர் சட்டப் பிரிவுதான்.

ஒலிவியா 1916இல் டோக்கியோவில் பிறந்தவர். பெற்றோர் ஆங்கிலேயர், வளர்ந்தது கலிஃபோர்னியாவில். பதின்பருவம் முடிவதற்குள் வார்னர் பிரதர்ஸ் அவரை ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொண்டது. அந்தக் கால ஸ்டூடியோ ஒப்பந்தம் இருக்கிறதே, அதை எழுதிய வக்கீலுக்குச் சிலை வைக்கலாம். வாராவாரம் சம்பளம் வந்துவிடும். என்ன படம், என்ன வேஷம் என்பதெல்லாம் முதலாளி முடிவு. பிடிக்கவில்லை என்று சொன்னால் சஸ்பெண்ட், சம்பளம் கிடையாது. அதோடு விட்டார்களா? சும்மா உட்கார்ந்திருந்த நாட்களைக் கணக்கெடுத்து ஒப்பந்தத்தின் கடைசியில் சேர்த்துவிடுவார்கள். ஏழு வருட ஒப்பந்தம், மறுக்க மறுக்க எட்டாகும், ஒன்பதாகும்.

வார்னர் அவருக்குக் கொடுத்ததெல்லாம் கதாநாயகன் கத்திச்சண்டை போட்டு முடிக்கும்வரை காத்திருக்கும் அழகுப் பெண் வேஷங்கள். எரால் ஃபிளினுடன் மட்டும் எட்டுப் படங்கள். மெலனி வேஷம் வேறு கம்பெனியின் படத்தில் வந்தது. ஜாக் வார்னர் அனுப்ப மறுக்க, ஒலிவியா அவர் மனைவியைப் பார்த்துப் பேசித்தான் காரியத்தை முடித்தார். அதற்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. திரும்பி வந்தால் மறுபடி அதே மாதிரி வேஷங்கள். மறுத்தார், சஸ்பெண்ட் ஆனார், மீண்டும் மறுத்தார்.

1943இல் ஏழு வருடம் முடிந்தது. இல்லை, இன்னும் ஆறு மாதம் பாக்கி என்றது ஸ்டூடியோ. ஊரே நடுங்கிய பெட் டேவிஸ்கூட 1936இல் இதே வார்னருடன் லண்டன் நீதிமன்றத்தில் மோதித் தோற்றவர். மெலனி மாதிரி சாந்தமான முகத்தை வைத்துக்கொண்டு இந்தப் பெண் என்ன செய்துவிடும் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவருடைய வக்கீல் மார்ட்டின் கேங் ஒரு பழைய சட்டத்தைக் காட்டினார்: யாரையும் ஏழு வருடத்துக்குமேல் ஒப்பந்தத்தைக் காட்டி வேலை வாங்க முடியாது. உண்மையில் வேலை பார்த்த ஏழு வருடம் என்றுதான் அதற்கு அர்த்தம் என்று வாதாடியது ஸ்டூடியோ. காலண்டரைப் பார் என்றது நீதிமன்றம். 1944இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அந்த டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. வழக்கு நடந்த காலம் முழுக்க, இவருக்கு வேலை கொடுக்காதீர்கள் என்று ஜாக் வார்னர் மற்ற ஸ்டூடியோக்களுக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஏறக்குறைய இரண்டு வருடம் படமே இல்லை. காயம்பட்ட போர்வீரர்களை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ப் பார்த்து வந்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்த படங்களைப் பாருங்கள். மணமாகாத தாயாக 'டு ஈச் ஹிஸ் ஓன்', முதல் ஆஸ்கர். மனநல விடுதி நோயாளியாக 'த ஸ்நேக் பிட்'. 1949இல் 'த ஏரஸ்', இரண்டாவது ஆஸ்கர். இந்தக் கடைசிப் படம் ஒன்று போதும் என்பேன். காதலன் ஏமாற்றிவிட்டான் என்று தெரிந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவார். டைரக்டர் வில்லியம் வைலர் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டே இருக்க, பொறுக்க முடியாமல் பெட்டியை அவர் பக்கம் வீசினாராம். காலிப் பெட்டி என்று அப்போதுதான் வைலருக்குத் தெரிந்ததாம். உள்ளே கனமான புத்தகங்களை அடுக்கி மறுபடி ஏறச் சொன்னார் என்பது கதை. படத்தில் அந்தக் கனம் அவர் தோளில் தெரிகிறது. வார்னரில் இருந்திருந்தால் இந்த மூன்றில் ஒன்றாவது கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

அந்தச் சட்டத்தை ஹாலிவுட்டில் இன்றும் 'டி ஹாவிலண்ட் சட்டம்' என்றுதான் சொல்கிறார்கள். பின்னாளில் பாடகர்களும் இதைப் பிடித்துக்கொண்டு வெளியேறிவிடுவார்களோ என்று பயந்த இசைத்தட்டு கம்பெனிகள், 1987இல் தங்களுக்குத் தோதாக அதில் ஒரு திருத்தம் வாங்கிக்கொண்டன.

பாரிசில் குடியேறி நூறு வயதைத் தாண்டிய பிறகும் அவருக்குக் கோர்ட் ஆசை விடவில்லை. 2017இல் 'ஃப்யூட்' என்ற தொலைக்காட்சித் தொடரில் தன்னைக் கேட்காமல் தன்னைப் பாத்திரமாக்கினார்கள், தங்கையைத் திட்டுவதாகக் காட்டினார்கள் என்று எஃப்எக்ஸ் சேனல்மீது வழக்குப் போட்டார். 2018இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. இதில் என் ஓட்டு நீதிமன்றத்துக்குத்தான். வாழ்ந்த மனிதர்களைப் பற்றிக் கதை சொல்ல அவரவரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றால் பாதி சினிமா எடுக்கவே முடியாது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை; அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனார். 2019 ஜனவரியில் அங்கும் மறுத்துவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 102.