டிகிரி வரலையாம்!

"ரெண்டு மாட்டோட ஏன் நிக்கிறீங்க? பத்து மாடாக்கிப் பண்ணையா நடத்துங்க" என்று கால்நடை முகாமுக்கு வந்த அதிகாரி மைக்கில் சொல்லிவிட்டுப் போனார். பத்து மாடு வாங்கினால் பத்து மாட்டுக்கும் சேர்த்துத்தானே ஏமாற வேண்டும்?

பால் சொசைட்டியில் பாலை அளக்கிறவர் ஒருவர். லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு டிகிரி பார்க்கிறவர் அவர். நோட்டில் எழுதுகிறவரும் அவரே. கொழுப்பு காட்டும் மெஷினோ சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. எட்டிப் பார்த்தால், "டிகிரி வரலம்மா, தண்ணி கலந்தியா?" என்று வரிசையே கேட்கும்படி கத்துகிறார். வயிறு எரிகிறதய்யா! சித்திரை வெயிலில் பச்சைப்புல் கிடைக்காமல் வெறும் வைக்கோலைத் தின்கிற மாட்டுப் பாலில் கொழுப்பு தவிர்த்த இதரச் சத்து குறையத்தான் செய்யும். அதற்கு எனக்குத் திருட்டுப் பட்டமா? மாடு மேய்ந்த புறம்போக்கு இன்று குப்பைமேடு. அதை யாரும் கேட்கவில்லை.

பசும்பால் கொள்முதல் விலையை 2022 நவம்பரில் அரசு 32 ரூபாயிலிருந்து 35 ஆக்கியது. மறுவருஷம் டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தது. சந்தோஷம்தான். ஆனால் சத்துக்குத் தக்க விலை என்கிறார்களே, அந்தச் சத்தைச் சொல்வது சுவர் பார்த்த மெஷின்தானே! புண்ணாக்குக் கடையில் மட்டும் டிகிரி கிடையாது. தவிட்டில் மண் கிடந்தாலும் முழு விலை. இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ தீவனம் வை என்கிறார்கள். எதைக் கொண்டு வைப்பது? பத்து நாளுக்கொரு பால் பணப் பட்டுவாடா என்பது பேச்சு; மூன்று பட்டுவாடா பாக்கி நிற்கிறது.

சாயங்காலம் மாடு பருவத்துக்குக் கத்தினால் மறுநாள் காலையில் சினை ஊசி போட்டாக வேண்டும். மருந்தகத்துக்கு ஓடினால் டாக்டர் வேறு ஊர் முகாமில். விட்டால் அடுத்த பருவத்துக்கு 21 நாள். அத்தனை நாளும் வறட்டு மாடு தின்னும், கறக்காது. அந்தச் செலவு எந்த நோட்டில் ஏறுகிறது?

பத்து மாட்டை அப்புறம் பார்ப்போம் சார். முதலில் அந்த மெஷினை எங்கள் பக்கம் திருப்புங்கள். பால் ஊற்றியதும் அளவு, கொழுப்பு, இதரச் சத்து, விலை நான்கையும் அச்சடித்த சீட்டாகக் கையில் கொடுங்கள். நிற்கிற மூன்று பட்டுவாடாவையும் இந்த வாரமே கொடுங்கள்.