வீதி மீண்டது, காணி மீண்டதா?

பரந்தன் சந்தியில் ஏ-9 வீதியிலிருந்து பிரிந்து முல்லைத்தீவு வரை செல்லும் ஏ-35 வீதியின் நீளம் ஏறத்தாழ 52 கிலோமீற்றர். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் ஊடாகச் சென்று, வட்டுவாகல் பாலத்தைக் கடந்து அது முல்லைத்தீவை அடைகிறது. இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் வாழும் வன்னிக் குடும்பங்களுக்கு, நெல்லும் மிளகாயும் கச்சானும் சந்தைக்குச் சென்ற பாதை அது.

இவ்வீதியின் இருமருங்கும் ஒரு காலத்தில் காடு. 1977ஆம் ஆண்டு இனக்கலவரத்தில் விரட்டப்பட்ட மலையகக் குடும்பங்களும் தருமபுரம், விசுவமடுப் பகுதிகளில் காடு வெட்டிக் கழனியாக்கின. 2009 ஜனவரியில் அரசு அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயம் இவ்வீதியின் வடபுறத்தே அமைந்தது. அதற்குள்ளும் எறிகணைகள் விழுந்தன. உழவு இயந்திரப் பெட்டிகளில் சாமான் ஏற்றிக் கிழக்கே நகர்ந்த மக்களுள் பல்லாயிரம் பேர், மே மாதத்தில் வெறுங்கையோடு வட்டுவாகல் பாலத்தைக் கடந்தனர்.

போரின் பின் வீதி காப்பெற் வீதியாயிற்று. நோயாளர் விரைந்து ஆஸ்பத்திரி சேரலாம், பஸ் ஓடுகிறது. இதை நாம் வரவேற்கிறோம். ஆயினும் வீதி ஒன்றே அபிவிருத்தியாகுமா? நெல் உலர்த்தக் களமில்லாத விவசாயி வீதியோரத்திலேயே நெல்லைக் காயவிடுகிறான். ஈர நெல்லை அடிமாட்டு விலைக்கு வாங்க வியாபாரியின் லொறி அதே வீதியால் விரைந்து வருகிறது. வட்டுவாகலில் கடற்படை முகாமுக்காக 617 ஏக்கரைச் சுவீகரிக்க, 2017இலும் 2021இலும் நில அளவையாளர் வந்தபோது, காணிக்குரியோர் வீதியில் நின்றே மறிக்க வேண்டியிருந்தது.

கொழும்பில் இருப்போர் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. உங்கள் காணி அனுமதிப்பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? அவர் உயிரோடிருந்தால் பின்னுரித்தாளரைப் பதிந்தாரா? அவர் இறந்திருந்தால் தாமதியாது பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் மகனுக்கு முன்னுரிமை அளித்த ஏற்பாடு 2022இல் திருத்தப்பட்டுள்ளது; எனவே பெண்பிள்ளைகளும் பின்வாங்க வேண்டியதில்லை.

புதிய வட்டுவாகல் பாலத்துக்கான வேலை 2025 செப்டெம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. பாலம் வரட்டும். அதைக் கடந்து செல்பவனுக்கு மறுகரையில் உழுவதற்கு நிலமும் இருக்கட்டும்.