பூட்டின வீட்டுக்கு யாரிட்ட நோட்டீஸ் குடுக்கிறது?

எங்கட ஒழுங்கையில் பதினொரு வீடு. அதில் மூன்றில் ஆளில்லை. ஒரு வீட்டுக்காரர் கனடாவில், இன்னொருவர் லண்டனில். மூன்றாவது வீடு யாருடையது என்று கேட்டால் ஒழுங்கையில் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். உட்துறைமுக வீதிப் பக்கம் நடந்து பாருங்கள், பாலையூற்றுக்குப் போங்கள், உவர்மலைக்கு ஏறுங்கள். துருப்பிடித்த பூட்டு, மதிலுக்கு மேலால் எட்டிப்பார்க்கும் இப்பிலிப்பில், வாசலில் விழுந்து காய்ந்த தென்னோலை. திருகோணமலைக்காரர்களுக்கு இது புதினமே இல்லை.

போன ஐப்பசி, மழை தொடங்க முன்னம், நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒழுங்கையில் ஒரு சிரமதானம் செய்தோம். கம்பஸ் லீவில் வந்து நின்ற நேரம். டயர், சிரட்டை, யோகட் கப், உடைந்த பேசன் என்று ஒரு லாண்ட்மாஸ்டர் பெட்டி நிரம்பியது. கனடாக்காரரின் வீட்டடியில் வந்து நின்றுவிட்டோம். கேற்றில் பூட்டு. மதிலில் ஏறிப் பார்த்தால் தண்ணீர்த் தாங்கியின் மூடி கழன்று கிடக்கிறது, பீலி முழுக்க மாவிலை, கிணற்றடியில் கவிழ்த்து வைக்காத இரண்டு பரல். எங்களில் ஒருவன் பாய்ந்து இறங்கப் போனான். மற்றவன் பிடித்து இழுத்தான்: "டேய், அது ஆக்கள்ற வளவு. நாளைக்கு ஏதும் காணாமப் போனா எங்களைத்தான் கேப்பினம்." அவன் சொன்னது சரிதான். திரும்பி வந்துவிட்டோம்.

கார்த்திகையில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் பிள்ளைகளுக்கு டெங்கு. பரிசோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். கடைசியில் நோட்டீஸ் யாருக்குக் கிடைத்தது? மூலை வீட்டு மாமிக்கு. எழுபது வயது, தனிய இருக்கிறா. பூச்சட்டிக்குக் கீழே வைத்த தட்டில் குடம்பி இருந்ததாம். "பிள்ளையள், நான் வீட்டில இருந்தது பிழையாப் போச்சு. நானும் பூட்டிப்போட்டு மகளிட்டப் போயிருந்தா ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டினம்" என்றா. சிரித்துக்கொண்டுதான் சொன்னா. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

வந்தவர்களில் பிழை சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. தட்டில் குடம்பி இருந்தது உண்மை. ஆனால் மாமி சொன்னதிலும் உண்மை இருக்கிறது. வீட்டைப் பராமரிக்கச் சொல்லும் விதிகள் எங்கள் ஊரில், நடைமுறையில், கதவைத் திறக்கிற ஆளின் மேல்தான் விழுகின்றன.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். வளவில் கிடக்கிற தகரப்பேணி, போத்தல், சிரட்டை, பழைய டயர் எல்லாவற்றையும் அகற்றவேண்டும், கிணற்றை நுளம்பு பெருகாதபடி வைத்திருக்கவேண்டும், செயற்கைக் குளம் இருந்தால் கிழமைக்கு ஒருதரமாவது வெறுமையாக்கவேண்டும், தேவையில்லாத பற்றைகளை வெட்டவேண்டும். இந்தக் கடமை 'உரிமையாளர் அல்லது குடியிருப்பவர்' மேலே இருக்கிறது. உரிமையாளர் என்ற சொல் முதலில் நிற்கிறது. அதற்கும் முன்னே போனால், வெள்ளைக்காரன் காலத்து 1862 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கத் தொல்லைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தெருவோரத்து வீடோ காணியோ அழுக்காகவும் பற்றை மண்டியும் மற்றவருக்குத் தொல்லையாகக் கிடந்தால் அது குற்றம், அந்த வீடு குடியிருக்கத் தக்கதோ இல்லையோ. நூற்றறுபது வருசத்துக்கு முன்னமே ஆளில்லா வீட்டையும் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

எழுதினால் போதுமா? உரிமையாளர் ஸ்காபரோவில் பனி தள்ளிக்கொண்டிருக்கிறார். நோட்டீஸைக் கேற்றில் ஒட்டினால் அதை ஆடுதான் வாசிக்கும். (எங்கள் ஊரில் மானும் வாசிக்கும். கோட்டைப் பக்கத்து மான்கள் ரவுனுக்குள் வந்து சொப்பிங் பேக் வரைக்கும் தின்கின்றன.)

இதைச் சின்ன விசயம் என்று நினைப்பவர்களுக்கு 2017 ஐ ஞாபகப்படுத்துகிறோம். அந்த வருசம் இலங்கையில் 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவானது, 440 பேர் செத்துப்போனார்கள். பங்குனியில் அது மோசமாக வெடித்த இடங்களில் ஒன்று கிண்ணியா, பாலத்தைத் தாண்டினால் வருகிற ஊர். நாங்கள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். கிண்ணியாவில் பள்ளிக்கூடங்களை மூடியதைக் கேட்டு லீவு கிடைக்குமா என்று ஆசைப்பட்டோம். பிறகு, எங்கட வயதுப் பிள்ளைகளும் செத்துப்போனதாகக் கேள்விப்பட்டபோது அந்த ஆசை போய்விட்டது.

ஈடிஸ் நுளம்பு பெரிய பயணக்காரன் இல்லை. பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீற்றருக்குள்தான் பறக்கும். அதாவது உங்களைக் கடிப்பது உங்கட ஒழுங்கை நுளம்பு. அதன் முட்டை பாத்திரத்தின் விளிம்பில், தண்ணீர் இல்லாமலே, மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். எங்கட சித்திரை, வைகாசி வெயிலெல்லாம் தாண்டி, ஐப்பசியில் முதல் மழை பட்டதும் பொரிக்கும். பத்து நாளில் பறக்கும். ஆகவே பதினொரு வீட்டில் எட்டு வீடு துப்புரவாக இருந்து பிரயோசனம் குறைவு. கனடாக்காரரின் அந்த இரண்டு பரல் போதும்.

அப்ப ஏன் பூட்டி வைத்திருக்கினம்? யாரையாவது இருத்தலாமே, ஒரு குடும்பத்துக்கு வாடகைக்குக் குடுக்கலாமே? கனடாக்காரரின் தங்கச்சி ரவுனில்தான் இருக்கிறா. அவவிடம் கேட்டோம். "இருத்தினா எழுப்ப ஏலாது தம்பி. பத்து வருசம் இருந்திட்டா காணி அவைக்குத்தான்" என்றா.

இந்தப் பயத்துக்கு ஒரு வேர் இருக்கிறது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி ஒருவர் பத்து வருடம் இடையறாமல், உரிமையாளரின் உரித்துக்கு எதிராக ஒரு காணியை ஆண்டிருந்தால் உரிமை கோரலாம். 83 க்குப் பிறகும் 90 க்குப் பிறகும் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடின சனம், திரும்பி வந்து பார்த்தபோது வேறு ஆட்கள் இருந்த கதை இந்த மாவட்டத்தில் நிறைய உண்டு. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று எல்லாரிடமும் உண்டு. அதனால்தான் 2016 இல் ஒரு விசேட சட்டம், 5 ஆம் இலக்கம், வந்தது. யுத்தத்தால் தங்கட காணிக்கு வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்கு 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருசக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது. அதைப் பயன்படுத்தவும் ஒரு கால எல்லை வைத்தார்கள். அந்தச் சட்டம் வந்ததே தெரியாத குடும்பங்களை எங்களுக்குத் தெரியும்.

ஆனால் தங்கச்சி சொன்னதில் பாதிதான் சரி. உரிமையாளரின் அனுமதியோடு இருப்பவர், அந்த அனுமதியின் பேரிலேயே இருக்கும்வரை, ஆட்சியுரிமை கோர முடியாது. எதிராக ஆளுவது வேறு, கேட்டு இருப்பது வேறு. வாடகைக்கு இருப்பவருக்கும் காவலுக்கு இருப்பவருக்கும் இது பொருந்தும். மாதம் ஒருக்கா வந்து பீலி துடைத்துப் போகிற பெடியனுக்குக் காணியில் எந்த உரித்தும் வராது. அனுமதியை எழுத்தில் வைத்திருந்தால் போதும். நொத்தாரிசிடம் ஒரு உடன்படிக்கை, அல்லது சொந்தத்தில் ஒருவருக்கு அற்றோணித் தத்துவம். பயத்தால் வீட்டைப் பூட்டிவைத்து, கூரை இறங்கி, மதில் சரிந்து, கடைசியில் காப்பாற்ற நினைத்த முதுசமே மண்ணாகிறது. இதைச் சொல்லிக்கொடுக்க ஊரில் ஆளில்லை.

எங்கட கோரிக்கை பெரிதில்லை. சோலைவரிக் கணக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் இருக்கிறது. ஆளில்லாத வீடென்றால், உள்ளூரில் பொறுப்பாக ஒரு ஆளின் பெயரும் போன் இலக்கமும் அந்தக் கணக்கோடு சேர்த்துப் பதியப்படவேண்டும். நோட்டீஸ் அந்த ஆளுக்குப் போகட்டும். பதில் இல்லையென்றால் சபை ஆள் விட்டுத் துப்புரவாக்கி, செலவை வரியோடு சேர்த்து அறவிடட்டும். வெளிநாட்டில் இருப்பவருக்கு அது ஒரு பீட்சாக் காசு. மூலை வீட்டு மாமிக்குத் தண்டப்பணம் என்றால் ஒரு மாத மருந்துக் காசு.

எங்களுக்குள்ளும் இதில் சண்டை வந்தது. ஒருத்தி கேட்டாள்: உரிமையாளர் யாரென்றே தெரியாத மூன்றாவது வீட்டுக்கு என்ன செய்வீர்கள்? உறுதி எரிந்துபோய், ஆட்கள் நாலு நாட்டில் சிதறி, தாயின் பெயரில் இருந்த காணி இன்னும் பிள்ளைகளுக்குப் பிரியாமல் கிடக்கிறது. அங்கே போய் வரி, தண்டம் என்று நின்றால், நாளைக்கு வேறு யாரோ 'நான்தான் கட்டுகிறேன்' என்று பற்றுச்சீட்டோடு வந்து நிற்கமாட்டார்களா? அவளுடைய குடும்பத்துக்கு அது நடந்திருக்கிறது. நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். துப்புரவாக்குவதும் உரிமையும் வேறு வேறு என்று சபையின் பற்றுச்சீட்டிலேயே அச்சடிக்கவேண்டும் என்பதுவரைதான் எங்களால் யோசிக்க முடிந்தது. அது போதாது என்று அவள் இப்பவும் சொல்கிறாள்.

இன்னொன்று. வீட்டுக்காரரை மட்டும் பிடித்தால் போதாது. சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டின எண்ணெய்த் தாங்கிகள், மொத்தம் 99, அதில் பெரும்பங்கு பல தசாப்தங்களாகக் காட்டுக்குள் கிடந்தன. 2022 தை மாதம் இந்தியாவோடு ஒப்பந்தம் எழுதினபோதுதான் பலர் அப்படியொன்று இருப்பதையே கவனித்தார்கள். பற்றை மண்டின வளவுக்குச் சொந்தக்காரர் அரசாங்கமாக இருந்தால் நோட்டீஸை எந்தக் கேற்றில் ஒட்டுவது? எங்கட ஒழுங்கைக் கானும் அப்படித்தான். வருசத்தில் பாதி நாள் அதில் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. அதற்குக் குடியிருப்பவர் யார்?

போன கிழமை கனடாக்காரருக்கு வட்ஸ்அப்பில் போட்டோக்கள் அனுப்பினோம். தாங்கி, பீலி, பரல், எல்லாம். இரவு வொய்ஸ் மெசேஜ் வந்தது. முதல் ஒரு நிமிசம் மாமரத்தைப் பற்றியே கதைத்தார். அது அவருடைய அம்மா வைத்ததாம், வெட்டிப்போடாதேங்கோ என்றார். பிறகு, திறப்பு தங்கச்சியிடம் இருக்கு, சனிக்கிழமை வாங்கிக்கொண்டு போங்கோ என்றார். தங்கச்சியிடம் கேட்டோம். அவ தேடிக்கொண்டிருக்கிறா.